சங்கு ஊதினால் கயிற்றை விடக் கூடாது

காணும் பொங்கலன்று கயிறு இழுக்கும் போட்டியில் எங்கள் ஆட்கள் எப்படித் தோற்றார்கள் என்று ஆம்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பாதிப் பேர் அன்றைக்கு மைதானத்துக்கே வரவில்லை. வராதவன்தான் ஜாஸ்தி சொல்கிறான். நான் பக்கத்திலேயே நின்று குரல் கொடுத்தவன். அதனால் நான் சொல்கிறேன்.

எங்கள் ஆட்கள் என்றால் தோல் கம்பெனியில் ட்ரம் பக்கம் வேலை செய்கிற எட்டுப் பேர். ஊற வைத்த தோலை ட்ரம்மிலிருந்து இழுத்து வெளியே போடுகிற வேலை. நானும் அங்கேயே வேலை செய்து ஓய்ந்தவன்தான். பெயர் மூர்த்தி. தண்ணீர் குடித்த மாட்டுத் தோல் என்ன கனம் கனக்கும் என்று தூக்கினவனுக்குத் தெரியும். அதை நாள் முழுக்க இழுக்கிறவனுக்குக் கயிறெல்லாம் எம்மாத்திரம் என்று நினைத்தோம். எதிரே வந்தவர்கள் கணியம்பாடிப் பக்கத்து விவசாயிகள். கரும்பு போடுகிறவர்கள். கை காலெல்லாம் வரப்பு மாதிரி இருக்கும். இருந்தாலும் எங்களுக்குப் பயமில்லை.

ஆளுக்கு ஓர் ஆட்டம் ஜெயித்துவிட்டு மூன்றாவது ஆட்டத்தில் நின்றோம். கயிற்றின் நடுவில் கட்டியிருந்த சிவப்புத் துணி எங்கள் கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. இன்னும் ஓர் இழுப்பு. நான் வாயைத் திறந்தேன். என் குரல் வருவதற்கு முன்னால் கம்பெனிச் சங்கு ஊதியது.

எட்டுப் பேரும் கயிற்றைக் கீழே போட்டுவிட்டார்கள்.

வெளியூர்க்காரனுக்கு இது புரியாது. எங்கள் கம்பெனியில் ஐந்து மணிக்குச் சங்கு ஊதினால் ஷிப்டு முடிந்தது. அதற்குப் பிறகும் எவன் கையில் தோல் இருக்கிறதோ, கிழிந்தாலும் கறை பட்டாலும் அவன்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் ஊதின உடனே கையில் இருப்பதை அங்கேயே போட்டுவிட வேண்டும். அடுத்த ஷிப்டுக்காரன் எடுத்துக்கொள்வான். புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு முதலில் இதைத்தான் சொல்லித் தருவோம். தோலைப் பிடிப்பது எப்படி என்று அப்புறம்தான்.

மைதானம் கம்பெனி மதிலுக்குப் பின்னாலேயே இருக்கிறது. பண்டிகைக்குக் கம்பெனி லீவுதான். ஆனால் சங்குக்கு டைமர் வைத்திருக்கிறார்கள். லீவு என்று அதற்கு யார் சொல்வது.

நாங்கள் விட்ட வேகத்தில் கணியம்பாடிக்காரர்கள் கரும்பு லோடு சரிந்த மாதிரி ஒருவர் மேல் ஒருவர் மல்லாக்க விழுந்தார்கள். எங்கள் ஆட்கள் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு நின்றார்கள். வசந்த் ஒரு படி மேலே போய், சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து டிபன் பையை எடுத்துக்கொண்டான். இருதயராஜ்தான் பாவம். அவன்தான் கேப்டன், கடைசி ஆள், கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்பவன். அவனும் கையை விட்டுவிட்டான். இடுப்பு எப்படி விடும். கயிறு அவனைக் குப்புறத் தள்ளி, நடுக்கோட்டைத் தாண்டி இழுத்துக்கொண்டு போய், கணியம்பாடி கேப்டன் தமிழ்வேந்தன் காலடியில் விட்டது.

இருதயராஜுக்குப் பெரிய மீசை. எழுந்தபோது அதில் பாதி மைதானம் இருந்தது.

பரிசு கொடுக்கும்போது தமிழ்வேந்தன் மைக்கைப் பிடித்தான். ஆம்பூர் அண்ணன்மார்களுக்கு வேலை நேரம் முடிந்துவிட்டது, பாவம், அடுத்த வருஷம் காலையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு அவன் மேல் சந்தேகம் வந்தது. நம்மைவிட நாலு பேரை அதிகமாகச் சிரிக்க வைக்கிறவனை நான் நம்புவதில்லை.

இருதயராஜுக்கு முகம் சிவந்துவிட்டது. மைக்கைப் பிடுங்கினான்.

"அடுத்த வருஷம் உங்கள இழுக்கலன்னா, இதே மேடையில ஒக்காந்து இந்த மீசைய எடுக்கறேன்."

ஆம்பளை என்று இருக்கிற எல்லாரும் எப்போதாவது சொல்கிற பேச்சுதான். டீக்கடையில் சொல்வார்கள், சாயந்திரம் மறந்துவிடுவார்கள். இவன் மைக்கில் சொல்லிவிட்டான். நூறு போன் படம் பிடித்துக்கொண்டிருந்தது. தமிழ்வேந்தனுக்கும் மீசை உண்டு. அவனும் விடவில்லை. தோற்றால் தன் மீசையும் இதே மேடையில் போகும் என்றான்.

இருதயராஜுக்கு மீசை என்றால் அது மயிர் விஷயம் இல்லை. கல்யாணம் ஆன புதிதில் ஒரு முறை வேளாங்கண்ணிக்கு வேண்டிக்கொண்டு போய்த் தலைமுடியோடு மீசையையும் சேர்த்து மழித்துக்கொண்டு வந்தான். அவன் வளர்த்த நாய் அவனையே கடித்துவிட்டது. கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு உட்கார வைத்துவிட்டான். தலைமுடி வளர்ந்தது, மீசையும் வளர்ந்தது, பயம் மட்டும் போகவில்லை. மீசைக்குக் கீழே யார் இருக்கிறான் என்று தனக்கே தெரியாது என்று ஒருநாள் என்னிடம் சொன்னான். இத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் சிரிக்கவில்லை.

முதலில் நான் அந்தச் சங்கை விசாரித்தேன். கணியம்பாடிக்காரன் எவனோ வாட்ச்மேனுக்கு டீ வாங்கிக் கொடுத்து ஊத வைத்திருப்பான் என்று எனக்குப் பட்டது. டைமர் என்று வாட்ச்மேன் சத்தியம் செய்தான். சத்தியம் செய்கிறவனை எதற்கு நம்ப வேண்டும். மறுநாள் போய் கேட்டுக்கு வெளியே நின்று கவனித்தேன். ஐந்து மணிக்கு அதுவாகத்தான் ஊதியது. பக்கத்தில் யாரும் இல்லை. அப்படியும் எனக்கு முழுசாகத் தீரவில்லை.

அந்த வருஷம் எங்கள் ஆட்கள் தெருவில் நடக்க முடியவில்லை. ஆட்டோக்காரர்கள் இவர்களைப் பார்த்தால் வாயைக் குவித்து ஊ என்று ஊதுவார்கள். ஊதினால் இவர்கள் கை விரிந்துவிடும். ஆமிர் ஒரு தட்டு முட்டையைப் போட்டான். வசந்த் போனைப் போட்டான். புகழேந்தி தன் மச்சானோடு சேர்ந்து பீரோ தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போது எவனோ ஊதினான். மச்சான் இன்றைக்கும் அவனோடு பேசுவதில்லை.

இப்படியே விட்டால் அடுத்த பொங்கலுக்கும் இதுதான் நடக்கும் என்று இருதயராஜுக்குத் தெரிந்தது. என்னை வந்து கூப்பிட்டான். பயிற்சி என்று ஆரம்பித்தோம். ஆமிர் சங்குச் சத்தத்தை போனில் பிடித்துவைத்தான். கம்பெனி விட்ட பிறகு மைதானத்துக்கு வருவார்கள். கயிற்றின் ஒரு முனையை வேப்ப மரத்தில் கட்டிவிட்டு எட்டுப் பேரும் இழுப்பார்கள். நான் போனைத் தட்டுவேன். எட்டுப் பேரும் விடுவார்கள். திட்டினேன். மறுபடி தட்டினேன். மறுபடி விட்டார்கள். வேப்ப மரம்தான் ஜெயித்துக்கொண்டே இருந்தது.

விடக் கூடாது என்று மூளைக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை என்றான் வசந்த். கைக்கு எப்படிச் சொல்வது. விட மனசு வராத ஒரு பொருளைக் கையில் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆமிரின் அம்மா நசீமுன்னிசா வைக்கிற குஸ்காவுக்கு அந்தத் தெருவே அடிமை. பிரியாணிச் சோற்றில் கறி மட்டும் இருக்காது, மற்ற ருசியெல்லாம் இருக்கும். ஆளுக்கு ஒரு தட்டு கொடுத்து, கத்திரிக்காய்க் குழம்பு ஊற்றி, முதல் வாய் வைக்கப்போகும் நேரத்தில் போனைத் தட்டினேன்.

எட்டுத் தட்டும் மண்ணில் கிடந்தது. தெரு நாய்களுக்கு அன்றைக்குப் பண்டிகை. மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். நாய்கள் எங்களுக்கு முன்னாலேயே வந்து வரிசையாக உட்கார ஆரம்பித்தன.

பையன்கள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்று நசீமுன்னிசா நினைத்துக்கொண்டிருந்தாள். நாய்கள் பருத்துக்கொண்டே போவதை யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். ஒரு சாயந்திரம் கையில் கரண்டியோடு மைதானத்துக்கு வந்தாள். குள்ளமான பொம்பளை. சத்தம் போடவில்லை. எட்டுத் தட்டையும் தானே போட்டுக் கொடுத்தாள். ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"ஊதுங்க மூர்த்தி பாய். எவன் கீழ போட்றான்னு நான் பாக்கறேன்."

ஊதினேன். ஒரு சோறு சிந்தவில்லை. எட்டுப் பேரும் தட்டைப் பிடித்திருந்த பிடியில் தட்டு வளைந்துவிட்டது. அதிலிருந்து தினமும் வந்து உட்கார்ந்தாள். தட்டிலிருந்து கயிற்றுக்கு மாற்றினோம். சங்கு ஊதினால் எட்டுப் பேர் கண்ணும் அவள் பக்கம் போகும், கை இறுகும். பலம் என்று எல்லாரும் சொல்வார்கள். அது பயம்.

இதில் ஒரு தொல்லை வந்தது. கம்பெனியிலும் விடுவதை நிறுத்திவிட்டார்கள். ஐந்து மணிக்குச் சங்கு ஊதும். எல்லாரும் தோலைப் போட்டுவிட்டு வெளியே போவார்கள். இந்த எட்டுப் பேர் மட்டும் ஈரத் தோலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பேந்தப் பேந்த முழித்துக்கொண்டு நிற்பார்கள். அடுத்த ஷிப்டுக்காரன் வந்து இழுத்தால் கொடுக்க மாட்டார்கள். இரண்டு ஷிப்டும் ஒரே தோலைப் பிடித்து இழுத்து சண்டை. சூப்பர்வைசர் படித்தவர். இந்த எட்டுப் பேருக்கும் கம்பெனி மேல் எவ்வளவு பக்தி பாருங்கள் என்று எல்லாரையும் கூட்டி வைத்துக் கைதட்டச் சொன்னார். இருதயராஜ் கையில் தோலோடுதான் அந்தக் கைதட்டலை வாங்கினான். தட்டுவதற்கு அவனுக்குக் கை இல்லை.

பிடிக்கத் தெரிந்துவிட்டது. ஆனால் அது மட்டும் போதும் என்று நான் நம்பவில்லை. எங்களுக்கு ஒரு சங்கு இருந்தால் அவர்களுக்கும் ஏதாவது ஒன்று இருக்கத்தானே வேண்டும். யாரிடமும் சொல்லாமல் வேலூர் போய் பஸ் மாறி கணியம்பாடியில் இறங்கினேன். தமிழ்வேந்தன் ஊர் டீக்கடையில், மாடு வாங்க வந்தவன் மாதிரி உட்கார்ந்தேன். அவன் என்னை அடையாளம் கண்டுபிடித்துவிட்டான். டீ வாங்கிக் கொடுத்தான். சர்க்கரை தூக்கலாக இருந்தது. எதற்கு இந்த உபசாரம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது வயல் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. த்ரீ பேஸ் வந்துவிட்டதாம். மோட்டார் ஓடுகிற கரண்ட்டு. கடையில் இருந்த அத்தனை பேரும் டம்ளரை வைத்த இடத்தில் விட்டுவிட்டு ஓடினார்கள். தமிழ்வேந்தன் பாதி சவரத்தில் சலூனில் இருந்த ஒருவனையும் இழுத்துக்கொண்டு ஓடினான்.

எனக்கு அந்த டீ அப்போதுதான் ருசித்தது.

திரும்பி வந்து இருதயராஜிடம் சொன்னேன். ஆட்டம் இறுகும் நேரத்தில் ஒரே ஒரு சத்தம், த்ரீ பேஸ் என்று. அவர்கள் கயிற்றை விட்டுவிட்டுக் கணியம்பாடிக்கே ஓடிவிடுவார்கள். அவன் கேட்டுவிட்டு வேண்டாம் என்றான்.

"மீசை என்துண்ணா. ஏமாத்தி வச்சிக்கினா, கண்ணாடி பாக்கும்போதெல்லாம் அதுதான் தெரியும்."

சரி என்றேன். கத்த மாட்டேன் என்று நான் சொல்லவில்லை.

பொங்கல் வந்தது. மேடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பக்கத்தில் சலூன்காரர் ஒருவர், சோப்பு, கத்தி, துண்டு. எல்லாம் விழாக் குழு ஏற்பாடு. போன வருஷம் வந்த கூட்டத்தைப் போல் இரண்டு மடங்கு வந்திருந்தது. கயிற்றைப் பார்க்க வந்தவன் கம்மி. இருதயராஜின் மனைவி சவுரியம்மாள் முன் வரிசையில் உட்கார்ந்து கை நிறைய ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். மீசை இருக்க வேண்டும் என்று வேண்டுகிறாள் என்று இருதயராஜ் நினைத்துக்கொண்டான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் ஆட்டம் போய்விட்டது. ஆமிர் கால் வழுக்கினான். இரண்டாவதை எப்படியோ இழுத்துவிட்டோம். மூன்றாவதில் இரண்டு பக்கமும் கயிறு அசையவே இல்லை. பதினாறு பேரும் கல்லில் செய்த ஆட்கள் மாதிரி சாய்ந்து நின்றார்கள். பிறகு சிவப்புத் துணி கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் நகர ஆரம்பித்தது. இருதயராஜ் குதிகால் மண்ணைக் கீறிக்கொண்டு போனது. அவன் கண் நாற்காலியைப் பார்த்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. த்ரீ பேஸ் வந்துவிட்டது என்று அடித்தொண்டையில் கத்தினேன்.

ஒருவனும் திரும்பவில்லை. தமிழ்வேந்தன் மட்டும் கயிற்றில் தொங்கிக்கொண்டே, பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னான்.

"இப்ப மோட்டார்ல சிம்மு போட்டுக்கிறோம் பெரியவரே. அதுவே போட்டுக்கும், அதுவே நிறுத்திக்கும்."

கூட்டம் என்னைப் பார்த்துச் சிரித்தது. இருதயராஜ் என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்ல மாட்டேன். துணி இன்னும் ஒரு முழம் போனது. அவர்கள் கோட்டுக்கு ஒரு சாண்தான் இருந்தது.

அப்போது சங்கு ஊதியது.

கணியம்பாடிக்காரர்கள் போன வருஷத்திலிருந்து இந்தச் சங்குக்காகவே காத்திருந்தவர்கள். அது ஊதினால் ஆட்டம் முடிந்தது என்று அவர்கள் உடம்புக்கும் பழகியிருக்க வேண்டும். சத்தம் கேட்டதும் ஓ என்று கத்திக்கொண்டு கையைத் தூக்கிவிட்டார்கள். எட்டு ஜோடிக் கையும் மேலே. தமிழ்வேந்தன் ஒரு கையால் மீசையை முறுக்கிக்கூட ஆரம்பித்துவிட்டான்.

எங்கள் ஆட்கள் விடவில்லை. எங்கிருந்தோ நசீமுன்னிசா பார்த்துக்கொண்டிருப்பாள் என்று எட்டுப் பேர் கையும் கயிற்றை நெரித்தது. எதிரே ஆள் இல்லாத கயிறு சர்ரென்று வந்தது. இந்த முறை எங்கள் ஆட்கள்தான் மல்லாக்க விழுந்தார்கள். விழுந்தும் விடவில்லை. நடுவர் வந்து விசில் ஊதி, கயிற்றைக் கேட்டு வாங்க வேண்டியதாகிவிட்டது. புகழேந்தியின் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

ஜெயித்துவிட்டோம். இருதயராஜ் தரையில் உட்கார்ந்தபடியே முதலில் மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அப்புறம்தான் அழுதான்.

தமிழ்வேந்தன் சண்டை போடவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். சங்கு ஊதியதால் செல்லாது, கில்லாது என்று ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். நேராக மேடையில் ஏறி நாற்காலியில் உட்கார்ந்தான். இருதயராஜ் ஓடிப் போய், விடுப்பா, பேச்சுக்குச் சொன்னதுதானே என்றான். மைக்கில் சொன்னது சொன்னதுதான் என்று தமிழ்வேந்தன் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டான். அவன் மனைவி அம்பிகா கீழே இருந்து, நல்லா வழிச்சி எடுங்க என்று சலூன்காரருக்குச் சொன்னாள்.

கத்தி இரண்டு இழுப்பு இழுத்தது. துண்டால் துடைத்துவிட்டு சலூன்காரர் நகர்ந்தார்.

நாற்காலியில் வேறு ஒருவன் உட்கார்ந்திருந்தான். பத்து வயசு குறைந்தவன். நல்ல உதடு. சிரித்தால் கன்னத்தில் குழி விழுகிறது. இத்தனை நாளும் அந்தக் குழியை எங்கே வைத்திருந்தானோ. பெண்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அம்பிகா வாயைப் பொத்திக்கொண்டு மேடைக்கே ஏறிவிட்டாள். தோற்றவனைச் சுற்றித்தான் கூட்டம். செல்பி எடுக்க வரிசை நின்றது. கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்ற எங்கள் எட்டுப் பேரை யாரும் சீந்தவில்லை.

நான் சவுரியம்மாளைப் பார்த்தேன். அவள் ஜெபமாலையை மடித்துப் பைக்குள் போட்டாள். தமிழ்வேந்தனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு திரும்பித் தன் புருஷனைப் பார்த்தாள். மெதுவாக, கடையில் கத்திரிக்காய் பொறுக்குகிறவள் மாதிரி பார்த்தாள்.

இருதயராஜ் கோப்பையை முகத்துக்கு நேரே தூக்கி மறைத்துக்கொண்டான்.

நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, இன்றைக்கு வீட்டுக்குப் போகாதே, அரக்கோணத்தில் என் தங்கச்சி இருக்கிறாள், இரண்டு நாள் அங்கே இரு என்றேன். சவுரியம்மாள்தான் ஒன்றும் கேட்கவில்லையே என்றான். கேட்டால் முடியாது என்று சொல்லலாம், கேட்காமல் இருக்கிறாளே, அதுதான் பேஜார் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. பத்தடி முன்னால் அவள் போக, பின்னால் கோப்பையோடு இவன் போனான்.

அடுத்த ஞாயிறு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். சர்ச்சிலிருந்து வந்த ஓர் ஆள் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தான். வாயைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தான். உடம்பைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். டீ வந்தது. குடிக்க வேண்டும் என்றால் துண்டை எடுக்க வேண்டும். எடுத்தான்.

என் டம்ளரைக் கீழே வைத்தேன். பிறகு, தோற்றிருந்தாலும் இதேதானே ஆகியிருக்கும், எதற்குடா ஒரு வருஷம் கயிற்றை இழுத்தோம் என்று கேட்டேன்.

அவன் டீயை ஊதினான். மூக்குக்குக் கீழே விரலால் தடவிப் பார்த்தான்.

"காத்து பட்துண்ணா," என்றான். "ஜில்லுன்னு கீது."